முரசுமோட்டையில் ஒரு கிடங்கு

நாய் முற்றத்தைக் கிண்டுவதை எப்படி நிறுத்துவது என்று அடுத்த வீட்டு அண்ணை கேட்காத ஆள் எங்கள் ஒழுங்கையில் கிடையாது. பால் கொண்டுவருகிறவரிடம் கேட்டார். மீற்றர் பார்க்க வந்தவரிடம் கேட்டார். வழி தவறி ஒழுங்கைக்குள் வந்து, லொறியைத் திருப்ப இடமில்லாமல் முழித்துக்கொண்டு நின்ற சாரதியிடமும் கேட்டார், அதுவும் அரைகுறைச் சிங்களத்தில். கேட்காமல் விட்டது நாயிடம் மட்டும்தான். அதனிடம் அவர் மன்றாடுவார்.

கனடாவில் அவர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தபோது எனக்கு அவருடைய முகம் ஞாபகம் வரவில்லை. கைதான் வந்தது. உருத்திரபுரத்தில், வாய்க்காலைத் தாண்டித் திரும்புகிற எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. கிளிநொச்சியில் கந்தோர் வேலை முடித்து நான் ஸ்கூட்டியில் வருகிறபோது, வாசல் படலையடியில் நின்று வலது கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டி மறிப்பார். பஸ்ஸை மறிக்கிற பயணியின் கை அல்ல அது. முப்பது வருடத்துக்கு மேல் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடிய பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர் அவர். கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு ஆள் ஏற இருக்கிறது என்று சாரதிக்குக் காட்டுகிற கை அது.

"பிள்ளை, ஒருக்கா இறங்கி உள்ளுக்கு வந்து பார். முரசுமோட்டையில புதுசா ஒண்டு."

அவருடைய வளவு படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் நீண்டு போகும். படலைதான் பரந்தன். செவ்வரத்தைச் செடிக்குப் பக்கத்தில் முரசுமோட்டை, தேசிமரத்தின் கீழே தருமபுரம். குசினிச் சுவரோரம் விசுவமடு. உடுப்புக் காயப்போடுகிற கம்பியடிக்கு வந்தால் புதுக்குடியிருப்பு. கிணற்றடியில் முல்லைத்தீவு. கிணற்றுக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் வயல். "அதுக்கங்கால கடல்தான்," என்பார். நாய் எங்கெங்கே குழி கிண்டிக் கிடங்காக்கியிருக்கிறது என்று விளங்கப்படுத்துவதற்காக, தன் பஸ் ஓடிய வழியிலிருந்து எடுத்து அவர் வைத்த பெயர்கள் இவை. கொஞ்சக் காலத்தில் ஒழுங்கை முழுக்க அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டது. நெல்லுக் காயப்போட இடம் கேட்டு வந்த ஒரு பெண், "அண்ணை, விசுவமடுவில பாயை விரிக்கட்டோ?" என்று கேட்டதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

நாய்க்குப் பெயர் மனேச்சர். மண்ணிறம், ஒரு காது மடிந்திருக்கும். காலையில் எழும்பி வளவை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாவற்றையும் மணந்து பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் படுத்துவிடும் என்பதால் அந்தப் பெயர். அது மனம் வைத்துச் செய்த ஒரே வேலை கிண்டுவதுதான். முன்கால் இரண்டாலும் மண்ணைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, மூக்கு மறைகிற ஆழத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டதும் ஏதோ எங்கள் பிழை போலத் திரும்பிப் பார்க்கும்.

"மனேச்சர், நீங்கள் செய்யிறது சரியோ? நாலு சனம் வந்து போற இடம்," என்பார் அவர். நாய்க்கும் மரியாதைதான்.

நாலு சனம் வந்து போகிற இடம் என்பது அவருடைய ஆசை. மனைவி கண்ணை மூடியபின் அந்த வீட்டுப் படலையைத் திறக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. ஒரே மகள் கனடாவில். ஒழுங்கையில் பாதிப் பேர் விடியவே வேலைக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்புகிறவர்கள், மிச்சப் பேர் போனுக்குள் இருப்பவர்கள். சனத்துக்குள் நெரிபட்டு, நாள் முழுக்கக் கத்திக் கதைத்துச் சீவித்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்திருப்பார், முடியவில்லை. எனக்குத் தனியே இருக்க முடியவில்லை, வந்து கதையுங்கள் என்று ஒரு ஆண்பிள்ளை கூப்பிட முடியுமா? நாய் கிண்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை. அதற்கு எல்லாரிடமும் ஒரு வழி இருக்கும், அதைச் சொல்லாமல் எவரும் போகமாட்டார்கள். அந்தக் கேள்வி போனால் அவருக்கு ஒழுங்கையே இல்லை.

இது எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. விளங்கியும் எரிச்சல் குறையவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபின் அவர்களுடைய வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். ஆட்களை எனக்குப் பிடிக்காது என்று ஒழுங்கையில் பெயர். அதை நான் மறுத்ததும் இல்லை. வேலை முடிந்து வந்தால் எனக்கு வேண்டியது ஒரு தேத்தண்ணியும் கதவைச் சாத்தின வீடும். ஸ்கூட்டியை ஓப் பண்ணாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "கட்டி வையுங்கோ அண்ணை" என்றுவிட்டுக் கிளம்பப் பார்ப்பேன்.

"கட்டினால் அதுக்கு மனம் விட்டுப்போகும் பிள்ளை. வேற ஏதும் வழி?"

வேறு வழிகளுக்கு அவரிடம் பஞ்சம் இல்லை. மிளகாய்த்தூள் போடச் சொன்னார் ஒருவர். போட்டார். போட்டுவிட்டு நாயின் மூக்கு எரியுமே என்று பதறி, அது எழும்புவதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவிவிட்டார். ஈச்சமுள்ளைப் பரப்பச் சொன்னார் இன்னொருவர். பரப்பிய முள் அவருடைய காலிலேயே ஏறியது. அந்தக் காலை நீட்டிக் காட்டி அதற்கும் ஒழுங்கை முழுக்க வைத்தியம் கேட்டார். நாயின் பீயையே எடுத்துக் கிடங்குக்குள் போட்டு மூடினால் அது மறுபடி அந்த இடத்தைத் தொடாது என்று பால்காரர் சொன்னது உண்மையிலேயே பலித்தது. தருமபுரத்தை மனேச்சர் அதற்குப் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. நல்ல காலம், அடுத்த நாளே புதுக்குடியிருப்பில் ஒன்று வந்து சேர்ந்தது.

விசர்நாய்த் தடுப்பூசி போட வந்த மிருக வைத்தியரிடமும் கேட்டார். இளம் பெண், வேலையில் கெட்டிக்காரி. கிடங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஐயா, தனிய விட்ட நாய்தான் உப்பிடிக் கிண்டும். அலுப்பில செய்யிற வேலை. அதோட விளையாட, கதைக்க ஆரும் வேணும்," என்றாள்.

அவர் அதைப் பெரிய பகிடியாக எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னார். "தனிய இருக்குதாம்! கேட்டியே பிள்ளை கதையை? அப்ப நான் ஆர்? நான் இருக்கிறன்தானே?" சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் அதையே சொல்லிக்கொண்டு வந்தவர், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மறந்துவிட்டார். நான் ஸ்கூட்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தேன்.

ஆட்களை வழியனுப்புவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அவருடைய படலை தகரப் படலை. "சரி அண்ணை, வாறன்" என்று வெளியே கால் வைத்ததும் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். பஸ்ஸை எடுக்கலாம் என்று சாரதிக்குக் கொடுக்கிற சைகை. ஒரு தட்டு என்றால் நிற்பாட்டு. சில வேளை நான் ஸ்கூட்டியைத் திருப்பியபின் ஒரு தட்டு மட்டும் விழும். "இன்னொரு விசயம் பிள்ளை," என்று தொடங்குவார். மற்ற இரண்டும் விழும்வரை போக ஏலாது.

சண்டையில் இடம்பெயர்ந்தபோது சனம் புதைத்துவிட்டுப் போன சாமான்கள் இன்னும் எங்கள் வளவுகளுக்குள் கிடக்கின்றன. ஆகவே கிடங்கு நிறைந்த முற்றம் ஒன்று இருந்தால், உள்ளே தங்கம் கிடக்கிறது என்ற கதை கிளம்பாமல் இராது. எங்கோ அந்தக் கதையைக் கேட்டு, நிலத்துக்குள் தங்கம் தேடுகிற மெஷினோடு இரண்டு பேர் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார்கள். வேறு யாரும் என்றால் துரத்தியிருப்பார்கள். இவர் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு போனார். விசுவமடுவில் மெஷின் கத்தியது. வெட்டிப் பார்த்தால் ஒரு தோசைக்கல். மனைவி புதைத்தது, அவரே மறந்துவிட்டிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு தேங்காய்ப் பொச்சால் துருவை உரசிக் கழுவி, அதிலேயே ரொட்டி சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். தங்கம் தேடி வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். போகும்போது, "உங்கட பக்கம் நாய் கிண்டினால் என்ன செய்யிறவை?" என்று கேட்டாராம். கேட்காமல் விடுவாரா?

பிறகு மனேச்சருக்கு வயது போனது. பின்கால் இழுக்கத் தொடங்கியது. அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடத்தில் படுத்தால் சோற்றுக்கு மட்டும்தான் எழும்பும். ஆனால் கிடங்குகள் குறையவில்லை. அதை நான் யோசித்துப் பார்க்கவும் இல்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலையில் கறிவேப்பிலை முறிக்க வேலியோரம் போனேன். தகர வேலியின் நீக்கலால் அவருடைய முற்றம் தெரியும். அவர் முரசுமோட்டையில் குந்தியிருந்தார். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதனால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, இரண்டு காலுக்கும் நடுவால் பின்னுக்கு எறிந்துகொண்டிருந்தார். மண்வெட்டி பக்கத்திலேயே சுவரில் சாத்திக் கிடந்தது. மண்வெட்டியால் வெட்டினால் விளிம்பு நேராகத் தெரியும், நாய் கிண்டியதுபோல இராது. அதையும் யோசித்திருக்கிறார். இடைக்கிடை நிமிர்ந்து ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். மனேச்சர் சாம்பலுக்குள் கிடந்தபடி, தன்னுடைய வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்க்கச் சிரிப்பான காட்சிதான். கறிவேப்பிலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து, வெறும் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன்.

பின்னேரம் கடைக்குப் போய் வருகிறபோது கை நீண்டது.

"பாத்தியே பிள்ளை, வயசு போயும் இதுக்குப் புத்தி வரேல்லை."

மனேச்சர் வாலை ஒரு தரம் ஆட்டியது. நான் ஸ்கூட்டியை ஓப் பண்ணினேன். உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். "நல்ல ஆழமாத்தான் கிண்டியிருக்குது அண்ணை. தண்ணி ஊத்தி மண்ணை இறுக்கி மூடிப் பாப்பமோ?"

அவர் முகம் விரிந்த விரிவை நான் என்னவென்று சொல்ல? "இரு பிள்ளை, இரு. தேத்தண்ணி போடுறன்," என்று குசினிக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி ஏதாவது ஒரு வழியோடு போவேன். தோடம்பழத் தோலைப் புதைத்துப் பாருங்கள் என்பேன். வேப்பெண்ணெய் தெளிக்கலாமாம் என்பேன். பாதி நானே கட்டிவிட்டவை. அவர் கவனமாகக் கேட்பார், குறுக்குக் கேள்வி கேட்பார். பிறகு கதை பஸ்ஸுக்குப் போகும், பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏறியவர்களுக்குப் போகும், மனைவி வைக்கிற மீன்குழம்புக்குப் போகும். பழியை ஒரு கிழட்டு நாயின் தலையில் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பொழுதுபடும்வரை இருந்து கதைத்தோம். எனக்குத் தனிமை பிடிக்கும் என்று நான் சொல்லித் திரிந்தது பாதிதான் உண்மை என்று அப்போதுதான் எனக்கே தெரியவந்தது.

பள்ளிக்கூட விடுமுறைக்கு மகள் தன் பிள்ளையோடு வந்தாள். நல்ல பெண், தகப்பனில் உயிர். வந்த கிழமையே பேத்தி ஓடி விளையாடும்போது முரசுமோட்டைக் கிடங்குக்குள் கால் போய் விழுந்துவிட்டாள். முழங்கால் உரசி இரத்தம். பெரிய காயம் இல்லை. ஆனால் மகள் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் இதுக்குள்ள விழுந்தால் ஆர் தூக்கிறது?"

"பக்கத்தில பிள்ளை இருக்கிறா," என்று என்னைக் காட்டினார்.

"அவா வேலைக்குப் போனால்?"

நாயைக் கட்டுங்கள், அல்லது முற்றத்துக்குச் சீமெந்து போடுங்கள் என்றாள் அவள். கிண்டினது நாய் இல்லை, நான்தான் என்று ஒரு தகப்பன் மகளிடம் எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சீமெந்து போட்டார்கள். மகள் கனடாவுக்குத் திரும்பிவிட்டாள், அங்கிருந்து போன் கமராவில் மேற்பார்வை பார்த்தாள். மேசனின் ஆள் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச பாருங்கோ அக்கா, மட்டம் சரியோ?" என்று படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் நடந்தார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு மட்டும் ஒரே சாம்பல் நிறம். அண்ணை கதிரையில் இருந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒழுங்கையில் எல்லாருக்கும் சந்தோசம். "இனிப் பிரச்சினை இல்லைத்தானே அண்ணை?" என்று சைக்கிளில் போகிறபோக்கில் கேட்டுவிட்டு, மிதித்துக்கொண்டு போனார்கள். எவரும் நிற்கவில்லை. நின்று சொல்ல இனி எந்த வழியும் தேவைப்படவில்லை.

சில நாள் கழித்து என்னை மறித்தார். கை தோள்வரை வரவில்லை, இடுப்போடு நின்றது.

"பிள்ளை, சீமெந்து வெடிச்சால் என்ன செய்யிறது?"

"எங்க அண்ணை வெடிச்சிருக்கு?"

"இன்னும் இல்லை."

குனிந்து இருவரும் தேடினோம். நல்ல மேசன், ஒரு மயிர்க்கோடு கூட இல்லை. நான் இருந்துதான் போனேன், தேத்தண்ணியும் குடித்தேன். ஆனால் கதை ஓடவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் எங்களுக்குத் தொடங்கத் தெரியவில்லை. அவர் சாப்பாட்டைக் குறைத்தார், குரலைக் குறைத்தார். போனில் முகத்தைப் பார்த்த மகள் பயந்துபோய், தன்னோடு வரச் சொல்லி எல்லா ஒழுங்கும் செய்தாள்.

போவதா விடுவதா என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள், கயிற்றில் நாயையும் தோளில் மண்வெட்டியையும் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மனேச்சரை வைச்சிருப்பியோ பிள்ளை? கிண்டினால் மூடுறதுக்கு இதையும் வைச்சிரு." வாங்கி வைத்துக்கொண்டேன். அது இனிக் கிண்டாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வந்தபோது ஒழுங்கை முழுக்கக் கூடி நின்றது. வழி சொன்னவர்கள் எல்லாரும் நின்றார்கள். "கவனமாப் போட்டு வாங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னார்கள். சாரதி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணையே ஜன்னலால் கையை வெளியே விட்டு வானின் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். வான் கிளம்பியது.

ஞாயிறு பின்னேரங்களில் கனடாவிலிருந்து போன் எடுப்பார், அங்கே அப்போது காலை. தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக ஜன்னலோரம் இருப்பார். குளிர் என்பார். சாப்பிட்டீர்களோ என்றால் ஓம் என்பார். மற்ற நாட்களில் மகளும் மருமகனும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு, தான் வீட்டில். அதற்குப் பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, மனேச்சர் கிண்டத் தொடங்கியிட்டுது."

அங்கே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "எங்க?"

"எங்கட முரசுமோட்டையில. படலைக்குப் பக்கத்தில."

"காட்டு பாப்பம்."

"இப்ப இருட்டிப்போட்டுது அண்ணை. வாற கிழமை காட்டுறன்."

வாற கிழமையும் வந்தது. அவர் எடுக்கிற நேரத்துக்கு முன்னமே நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போனேன். எனக்கு மண் வெட்டிப் பழக்கமில்லை, கை எரிந்தது. அவர் செய்ததுபோல மண்ணைப் பின்னுக்கு எறிந்து பார்த்தேன், பாதி என் உடுப்பில் விழுந்தது. மனேச்சர் என் வீட்டுச் சாம்பலுக்குள் கிடந்து அதையும் பார்த்தது. போன் அடித்ததும் கமராவைத் திருப்பிக் கிடங்கைக் காட்டினேன்.

"இன்னும் கிட்டக் கொண்டுவா," என்றார். கொண்டுபோனேன். "மண்ணைக் காட்டு." காட்டினேன். "மனேச்சர் எங்க?" அதையும் காட்டினேன்.

"விளிம்பு நேரா இருக்குது பிள்ளை."

மண்வெட்டி என் காலடியில் கிடந்தது.

"மனேச்சருக்குச் சொல்லு," என்றார். "அடுத்த முறை சிரட்டையால கிண்டட்டாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இதுக்கு என்ன செய்யலாம் அண்ணை?" என்று கேட்டேன்.

அவரிடம் எல்லா வழிகளும் இருந்தன. மிளகாய்த்தூள், ஈச்சமுள், தோடம்பழத் தோல், பால்காரரின் வைத்தியம். ஒன்றொன்றாக, யார் யார் சொன்னார்கள் என்ற கதையோடு சொல்லிக்கொண்டு போனார். சொல்லி முடித்ததும் நான் "சரி அண்ணை, வைக்கட்டோ?" என்றேன். அவர் விரலால் போனின் முதுகில் தட்டினார்.

ஒரு தட்டு. நான் கிடங்குக்குப் பக்கத்தில் மண்ணிலேயே இருந்துகொண்டேன்.